பஞ்சம் சமைத்த விருந்து

ஆல்ப்ஸ் மலைக்குப் போகும் இந்தியர்கள் பனியைப் பார்த்துவிட்டு பருப்பு சாதத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த மலைக்கென்று ஒரு சமையல் இருக்கிறது. அதை உண்டாக்கியது வசதி அல்ல, வறுமை.

கடல் மட்டத்திலிருந்து 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம், ஸ்விட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோஹ். வெளியே அலெட்ச் பனியாறு சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது. உள்ளே கோடைக் காலத்தில் நடக்கும் உணவகம் ஒன்றின் பெயர் 'பாலிவுட்'. இந்தியப் பயணிகளுக்காகவே இந்தியச் சாப்பாடு. கீழே இன்டர்லாகன் நகரில் 2016 முதல் யஷ் சோப்ராவின் சிலை நிற்கிறது. அவர் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குக் குழுச் சுற்றுலா நிறுவனங்கள் சப்பாத்தியையும் சாம்பாரையும் உத்தரவாதத்துடன் வழங்குகின்றன. சமையல்காரரையே உடன் அழைத்து வரும் நிறுவனங்களும் உண்டு. பத்து நாள் பயணத்தில் ஒரு வேளைகூட அந்த ஊர்ச் சாப்பாட்டைத் தொடாமல் வீடு திரும்ப முடியும். பலர் அப்படித்தான் திரும்புகிறார்கள்.

இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் நஷ்டம் இருக்கிறது. அந்தப் புல்வெளி ஏன் அப்படி இருக்கிறது, அந்த மாடுகளின் கழுத்தில் ஏன் மணி கட்டியிருக்கிறது என்ற கேள்விகளுக்கான விடை சாப்பாட்டுத் தட்டில்தான் இருக்கிறது.

பசி தெரிந்த மலை

இன்று பணக்கார நாடுகளின் முன்வரிசையில் இருக்கும் ஸ்விட்சர்லாந்தின் மலைக் கிராமங்கள் ஒரு காலத்தில் பசியை நன்கு அறிந்தவை. 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. 1816-17இல் கிழக்கு ஸ்விட்சர்லாந்தில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். அந்நிய அரசர்களின் படைகளில் கூலிச் சிப்பாய்களாகச் சேர்வது பல தலைமுறைகளுக்கு மலைப் பிள்ளைகளின் பிழைப்பாக இருந்தது.

காரணம் எளிது. உயரே போகப் போகத் தானியம் விளையாது. புல் மட்டும் விளையும், அதுவும் சில மாதங்களுக்கு. மனிதன் புல்லைத் தின்ன முடியாது, மாடு தின்னும். எனவே பனி உருகியதும் மாடுகளை மேலே ஓட்டிச் செல்வதும், செப்டம்பர் வாக்கில் கீழே கொண்டுவருவதும் வழக்கமாயிற்று. மேலே கறக்கும் பாலை ஒற்றையடிப் பாதையில் தினமும் கீழே கொண்டுவர முடியாது; கெட்டுவிடும். அங்கேயே பாலாடைக் கட்டியாக, அதாவது சீஸாக ஆக்கிவிட்டால் மாதக் கணக்கில் நிற்கும். நம் ஊரில் மிஞ்சிய பாலை வெண்ணெயாக்கி நெய்யாகக் காய்ச்சி வைப்பதற்குப் பின்னால் இருக்கும் அதே கணக்குதான். கோடைப் புல்லைக் குளிர்காலத்தில் சாப்பிட மலைவாசிகள் கண்டுபிடித்த வழியே சீஸ்.

க்ருயேர் சீஸ் வட்டு ஒன்று சுமார் 35 கிலோ எடை இருக்கும். அதற்கு ஏறத்தாழ 400 லிட்டர் பால் வேண்டும். குறைந்தது ஐந்து மாதம் நிலவறையில் வைத்துப் பக்குவப்படுத்த வேண்டும். அங்கே மேயும் மாட்டு இனங்களில் ஒன்றான பழுப்பு நிற 'பிரவுன் ஸ்விஸ்' நமக்கும் சொந்தம்தான். 1963இல் கேரளத்தில், மூணாறுக்குப் பக்கத்திலுள்ள மாட்டுப்பெட்டியில் தொடங்கிய இந்திய-ஸ்விஸ் திட்டம் அந்த இனக் காளைகளை நாட்டு மாடுகளுடன் கலந்து 'சுனந்தினி' என்ற கலப்பினத்தை உருவாக்கியது.

பானையைச் சுற்றி ஒரு குடும்பம்

ஆல்ப்ஸில் முதலில் ருசி பார்க்க வேண்டியது ஃபோண்டு. பூண்டு தேய்த்த பானையில் வெள்ளை வைனை ஊற்றிச் சூடாக்கி, துருவிய சீஸைப் போட்டு உருக்குகிறார்கள். அதைச் சிறு அடுப்பின்மீது வைத்து மேஜைக்குக் கொண்டுவருகிறார்கள். நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, முக்கி, சுழற்றி எடுத்துச் சாப்பிட வேண்டும். க்ருயேரும் வாஷ்ரான் என்ற மென்மையான சீஸும் பாதிக்குப் பாதி சேர்த்துச் செய்வது ஃப்ரிபூர் பகுதியின் வழக்கம். ரொட்டியைப் பானைக்குள் நழுவவிட்டவர் அபராதம் கட்ட வேண்டும் என்பது விளையாட்டு விதி. கடைசியில் பானையின் அடியில் முறுகலாக ஒட்டியிருப்பதைச் சுரண்டிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நெய் காய்ச்சிய பாத்திரத்தின் கசண்டுக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஃபோண்டு ஆதிகாலத்து இடையர் உணவு என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். அது பாதி உண்மை. சீஸை வைனில் சமைக்கும் குறிப்பு 1699ஆம் ஆண்டு ஜூரிக் நகரச் சமையல் குறிப்பேடு ஒன்றிலேயே இருக்கிறது; ஜூரிக் இடையர் கிராமம் அல்ல. ஃபோண்டு ஸ்விட்சர்லாந்தின் 'தேசிய உணவு' ஆனது 1930களில்தான். 1914இல் அமைக்கப்பட்ட சீஸ் யூனியன் என்ற வணிகக் கூட்டமைப்பு, மிஞ்சிக் கிடந்த சீஸை விற்க நாடு முழுவதும் செய்த பிரசாரத்தின் பலன் அது. 1999இல் யூனியன் கலைக்கப்பட்டது. ஃபோண்டு நிலைத்துவிட்டது.

ஃபோண்டுவுடன் வைன் குடிப்பதா, தேநீர் குடிப்பதா என்பது அங்கே நித்திய விவாதம். 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஜூரிக் ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. வைன் குடித்தவர்களின் வயிறு காலியாக அதிக நேரம் பிடித்தது. ஆனால் தொந்தரவு என்று பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை.

வலே மாநிலத்தின் உணவான ராக்லெட் இன்னும் எளிமையானது. பாதியாக வெட்டிய சீஸ் வட்டைத் தணலுக்கு அருகில் காட்டி, உருகி வழியும் மேல்பகுதியைத் தட்டில் வழித்துப் போடுகிறார்கள். பெயருக்கே 'சுரண்டுதல்' என்றுதான் பொருள். தோலுடன் வேகவைத்த உருளைக்கிழங்கு, ஊறவைத்த சிறு வெள்ளரி, சின்ன வெங்காயம் ஆகியவை துணை. அதே வலேயின் கம்பு ரொட்டி, நம் கம்பு அல்ல, 'ரை' என்ற தானியத்தில் செய்வது. ஊர்ப் பொது அடுப்பை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே பற்றவைத்த கிராமங்கள் இருந்தன. அப்போது சுட்ட ரொட்டி மாதக் கணக்கில் காய்ந்து கட்டையாகக் கிடக்கும். கிழக்கே க்ரௌபுண்டன் பகுதியில் மாட்டுத் தொடைக்கறியை உப்பும் மூலிகையும் தடவி, மலைக் காற்றில் வாரக் கணக்கில் உலர்த்துவார்கள், எடை பாதியாகிவிடும். அதைக் காகிதம்போல் மெல்லிதாகச் சீவிப் பரிமாறுகிறார்கள்.

'ஆல்ப்ளர்மக்ரோனன்' என்ற பெயரைச் சொல்வதுதான் கஷ்டம், சாப்பிடுவது சுலபம். மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ், க்ரீம் எல்லாம் ஒரே பாத்திரத்தில். மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம். பக்கத்தில் ஆப்பிள் கூழ். காய்ந்த மக்ரோனி கெடாது, சுமக்கவும் எளிது என்பதால் இடையர் குடிசைக்குப் பொருத்தமாக இருந்தது. துருவிய உருளைக்கிழங்கை வாணலியில் தட்டி முறுகலாகப் பொரிக்கும் ரோஸ்டி, பெர்ன் பகுதி விவசாயிகளின் காலை உணவாக இருந்தது. இந்திய நாக்குக்கு முதல் கவளத்திலேயே பிடித்துவிடுவது இதுதான்.

எல்லை தாண்டினால்

ஆல்ப்ஸ் எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமல்ல. பிரான்ஸின் சவாய் பகுதியில் கிடைக்கும் ரெப்லோஷோன் சீஸுக்குப் பின்னால் ஒரு குறும்பு இருக்கிறது. இடைக்காலத்தில் நிலச் சொந்தக்காரர்கள் பாலின் அளவைப் பார்த்துக் குத்தகை வசூலித்தார்கள். கணக்குப்பிள்ளை வரும் நாளில் குடியானவர்கள் மடியில் மீதம் வைத்துக் கறப்பார்கள். அவர் தலை மறைந்ததும் மறு கறவை. கொழுப்பு மிகுந்த அந்தப் பாலில் பிறந்தது ரெப்லோஷோன். பெயரின் பொருளே 'மீண்டும் கறப்பது'. இந்த சீஸை உருளைக்கிழங்கின்மேல் வைத்து அடுப்பில் சுடும் டார்டிஃப்லெட், மலையோர உணவகங்களில் பாரம்பரியப் பதார்த்தமாகப் பவனி வருகிறது. உண்மையில் அது பழைய கிராமத்துப் பதார்த்தம் ஒன்றைத் தழுவி, சீஸ் விற்பனைக்காக 1980களில் பிரபலமாக்கப்பட்டது.

இத்தாலியின் வால்டெல்லினா பள்ளத்தாக்கின் பிட்ஸோக்கெரி, பக்வீட் மாவில் செய்த பட்டையான நூடுல்ஸ். வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குப் பயன்படும் குட்டு மாவுதான் பக்வீட். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, உள்ளூர் சீஸ், பூண்டு போட்டுக் காய்ச்சிய வெண்ணெய் ஆகியவற்றுடன் வரும் இதில் இறைச்சி கிடையாது. ஆஸ்திரியாவின் டிரோலிலும் அதை ஒட்டிய இத்தாலியப் பகுதியிலும் காய்ந்த ரொட்டியைப் பாலில் ஊறவைத்து உருட்டி வேகவைக்கும் 'க்னோடல்' உண்டு. தென் டிரோலின் ஹோஹெப்பான் கோட்டைச் சிறு தேவாலயத்தில் 1200ஆம் ஆண்டு வாக்கில் தீட்டிய சுவரோவியத்தில் ஒரு பெண் இதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். மிஞ்சிய ரொட்டியை வீணாக்காத வீட்டுக்காரியின் சாமர்த்தியத்துக்கு எண்ணூறு வயது.

சைவர்களுக்கு

சீஸும் உருளைக்கிழங்கும் நிறைந்த இந்தச் சமையல் சைவர்களுக்கு ஏற்றது என்று தோன்றும். கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். ஆல்ப்ளர்மக்ரோனன், ரோஸ்டி, டார்டிஃப்லெட் ஆகியவற்றில் பன்றி இறைச்சித் துணுக்குகள் சேர்ப்பது சகஜம். ஆர்டர் செய்யும்போதே வேண்டாம் என்று சொல்லலாம். ஃபோண்டுவில் வைனும், பெரும்பாலும் கிர்ஷ் என்ற செர்ரி மதுவும் சேரும். எல்லாவற்றையும்விட முக்கியம், க்ருயேர் போன்ற பாரம்பரிய சீஸ்களில் பாலை உறையவைக்கப் பயன்படுவது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். இதை ஏற்காதவர்கள் தாவர ரென்னெட் சேர்த்த சீஸ் எது என்று கடையில் கேட்டு வாங்க வேண்டும். செலவும் உண்டு. ஸ்விஸ் உணவகத்தில் ஃபோண்டுவுக்குத் தலைக்கு 25 முதல் 35 ஃப்ராங்க் ஆவது சாதாரணம்.

மேலே போக ஆளில்லை

இந்தச் சாப்பாட்டின் எதிர்காலம் சமையலறையில் தீர்மானமாவதில்லை. 2000க்குப் பிறகு ஸ்விட்சர்லாந்தில் பால் உற்பத்தி செய்யும் பண்ணைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் சீஸ் வணிகம் தடையின்றி நடப்பதால், மலிவான வெளிநாட்டு சீஸ் கடைகளில் குவிகிறது. கோடை முழுவதும் விடியலுக்கு முன் எழுந்து கறந்து, காய்ச்சி, வட்டுகளைத் தூக்கிப் புரட்டும் வேலைக்கு ஆள் கிடைப்பது கடினமாகிவிட்டது. வானமும் கைவிடுகிறது. 2018இன் வறண்ட கோடையில் மேய்ச்சல் நிலங்களில் மாடுகளுக்குத் தண்ணீர் கொண்டுசெல்ல இராணுவ ஹெலிகாப்டர்கள் தேவைப்பட்டன.

மாடுகள் மேலே போவது நின்றால் சீஸ் மட்டும் போகாது. மேய்ச்சல் இல்லாத சரிவுகளில் புதர் மண்டும், பிறகு காடு வரும். திரைப்படங்களில் கதாநாயகி ஓடிவரும் பச்சைப் புல்வெளி இயற்கை தந்ததல்ல. பல நூற்றாண்டுகளாக மாடுகள் மேய்ந்து பாதுகாத்தது. அதனால்தான் மலை மேய்ச்சலுக்கு அரசு மானியம் தருகிறது. 2023இல் யுனெஸ்கோ ஸ்விட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் பருவத்தை மனித குலத்தின் கலாசார மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

தாக்குப்பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். வோ மாநிலத்தின் லெடிவாஸ் கிராமத்தைச் சுற்றியுள்ள குடும்பங்கள், க்ருயேரின் தரம் தளர்ந்துவிட்டது என்று கருதித் தனிவழி கண்டன. 1932இல் கூட்டுறவு அமைத்தன. இன்றும் சுமார் எழுபது குடும்பங்கள், மே 10 முதல் அக்டோபர் 10 வரை மட்டும், மலையிலேயே, விறகு அடுப்பில்தான் காய்ச்சுகின்றன. வேறெங்கும் செய்த சீஸை அந்தப் பெயரில் விற்க முடியாது.

யுங்ஃப்ராயோஹுக்குப் போகும் பயணிகள் பெரும்பாலும் தங்குவது இன்டர்லாகனில். அங்கிருந்து அதிக தூரமில்லை யுஸ்டிஸ்டால் பள்ளத்தாக்கு. செப்டம்பரில் அங்கே சீஸ் பங்கீடு நடக்கும். கோடை முழுக்கச் செய்த வட்டுகளை வெளியே அடுக்கிவைத்து, யாருடைய மாடு எவ்வளவு பால் கொடுத்தது என்ற கணக்குப்படி பிரித்துக் கொடுக்கிறார்கள். பங்கு கிடைத்ததும் மாடுகளுக்குப் பூச்சூட்டி ஊருக்கு ஓட்டிச் செல்கிறார்கள். சுற்றுலா நிறுவனத்தின் பட்டியலில் இது இருக்காது. ஒரு நாள் ஒதுக்கிப் போகிறவர்கள், ஒரு துண்டு சீஸை விவசாயியின் கையிலிருந்தே வாங்கலாம்.