குளியல் தொட்டியும் பதிகற்களும்

கொச்சி நகரின் நெடுஞ்சாலைகள் கூடும் இடங்களுள் ஒன்று வைட்டிலா. பேருந்து நிலையமும் மெட்ரோ இரயில் நிலையமும் படகுத்துறையும் இங்கு அருகருகே அமைந்துள்ளன. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் இங்கிருந்து காக்கநாட்டுக்கு நீர் மெட்ரோ படகுகள் செல்கின்றன. இப்பகுதியைச் சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. கொச்சியின் கட்டடப் பணிகளில் உழைத்த கொத்தனார்களிலும் சித்தாள்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் பலர்.

ஒரு வீட்டில் மிகச் சிறிய அறை பெரும்பாலும் குளியலறைதான். மலையாளத்தில் இதனைக் 'குளிமுறி' என்பர். 'முறி' என்றால் அறை. சிறியதாயினும் கட்டுவோரின் திறமையை மிகுதியாகச் சோதிப்பது இந்த அறையே. ஏழாம் மாடியின் குளியலறையில் நேரும் ஒரு சிறு பிழை, ஆறாம் மாடி வீட்டின் கூரையில் ஈரத்திட்டாகத் தோன்றும். அதுவும் உடனே தோன்றாது. சில மாதங்கள் கழித்தே வெளிப்படும். அதற்குள் கொத்தனார் வேறிடத்துக்குச் சென்றிருப்பார். பிழையைத் திருத்த வேண்டுமானால் ஒட்டிய கற்களை உடைக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சியில், ஒருமுறை நனைந்த சுவர் எளிதில் உலர்வதும் இல்லை.

'டைல்ஸ்' எனப் பலரும் அழைக்கும் பதிகற்களே நீரைத் தடுக்கின்றன என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மையன்று. கல்லின் மெருகிட்ட முகத்தை நீர் ஊடுருவாது. ஆனால் இரு கற்களுக்கு இடையே இணைப்பு உள்ளது. அங்கு நிரப்பப்படும் சிமெண்டுக் கலவை நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். ஆகவே உண்மையான தடுப்பு கல்லுக்குப் பின்னால், கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருக்க வேண்டும். தரையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் நீர்க்காப்புப் பூச்சு இருமுறை பூசப்படுகிறது. தொட்டியைச் சுற்றிய சுவரில் நீர் தெறிக்கும் உயரம் வரை அது மேலேற்றப்படுகிறது. சுவரும் தரையும் சேரும் மூலைகளே முதலில் விரிசல் காணும் இடங்கள். அங்குத் துணிப்பட்டை வைத்துப் பூசுவர். பூச்சு காய்ந்தபின் வடிகாலை அடைத்து, ஒரு நாளேனும் தரையில் நீரைத் தேக்கி வைத்துச் சோதிப்பர்.

இந்த அறிவு புதிதன்று. மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. அதனைக் கட்டியோர் செங்கற்களை நெருக்கமாக அடுக்கியதோடு நின்றுவிடவில்லை. கற்சுவருக்குப் பின்னால் நிலக்கீலையும் ஓர் அடுக்காகப் பூசினர். 4000 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் செங்கல்லை மட்டும் நம்பவில்லை.

தரை தயாரானபின் தொட்டி வைக்கப்படுகிறது. அதற்கு முன்பே கழிவுநீர்க் குழாயின் சரிவு பார்க்கப்பட வேண்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தாழ்வு இருந்தால் நீர் தடையின்றி ஓடும். தொட்டிக்குக் கீழே குழாய் வளைந்து சென்று மேலேறும் இடத்தில் எப்போதும் சிறிது நீர் தங்கி நிற்கும். 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள இந்நீரே சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுக்கும் கதவு. நீண்ட நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் நாற்றம் வீசுவதற்கு அந்நீர் வற்றிப்போவதும் ஒரு காரணம்.

நீர் வழிந்தோட வேண்டும் என்று எண்ணித் தொட்டியையே சாய்த்து வைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. தொட்டியின் அடிப்பகுதி தயாரிக்கப்படும்போதே வடிகாலை நோக்கிச் சரிவாக அமைக்கப்பட்டிருக்கும். எனவே அதன் விளிம்பு நாற்புறமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ரசமட்டத்தை விளிம்பின்மீது வைத்து, குமிழி நடுவில் நிற்கும் வரை தொட்டியின் கால்களிலுள்ள திருகுகளை ஏற்றியும் இறக்கியும் சரிசெய்வர்.

முதலில் தொட்டி, பின்னரே சுவர்க் கற்கள். இவ்வரிசைக்குக் காரணம் கேரளத்து ஓட்டுக் கூரையைப் பார்த்தால் விளங்கும். மேல் வரிசை ஓடு கீழ் வரிசை ஓட்டின்மீது படிந்திருப்பதால் மழைநீர் வெளியே வழிகிறது. அதுபோலவே சுவர்க் கல் தொட்டியின் விளிம்புக்கு மேலாக இறங்கி நின்றால், சுவரில் வழியும் நீர் தொட்டிக்குள் விழும். வரிசை மாறினால் நீர் பின்புறம் இறங்கிவிடும்.

கற்களைப் பதிக்கும் வேலை அளவிடுதலில் தொடங்குகிறது. சுவரின் நடுவைக் கண்டு தூக்குக்குண்டால் நேர்கோடு இடுவர். இருபுறமும் வெட்டுக்கற்கள் ஒரே அகலத்தில் வருமாறு கணக்கிடுவர். மெருகிட்ட சாதாரணச் சுவர்க் கல் தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் நீரை உறிஞ்ச வல்லது. சிமெண்டுக் கலவையில் பதிப்பதாயின் அதனை முன்கூட்டியே ஊறவைக்க வேண்டும். இல்லையேல் கலவையிலுள்ள நீரைக் கல் குடித்துவிடும், கலவை இறுகாமல் பொடியாகும். விட்ரிஃபைட் கற்களோ அரை விழுக்காடு நீரைக்கூட உறிஞ்சுவதில்லை. அவற்றைப் பற்றிக்கொள்ளச் சாதாரணச் சிமெண்டு போதாது, தனிப்பசை வேண்டும். ஒட்டியபின் கல்லை விரலால் தட்டிப் பார்ப்பர். பொள்ளலான ஒலி எழுந்தால் உள்ளே வெற்றிடம் உண்டு என்று பொருள். அதனைக் கழற்றி மீண்டும் பதிப்பதே முறை. காது கேட்டும் கேளாததுபோல் விட்டுவிட்டால், அந்த வெற்றிடத்தில் பின்னர் நீர் தேங்கும்.

பதிகற்களின் நீண்ட வாழ்வைக் காண விரும்புவோர் மட்டாஞ்சேரிக்குச் செல்லலாம். அங்கு 1568இல் கட்டப்பட்ட யூதர் தொழுகைக்கூடம் உள்ளது. அதன் தரை முழுவதும் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கப்பலில் வந்த நீல வெள்ளைப் பீங்கான் கற்களால் ஆனது. கையால் வரையப்பட்டமையால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்பர். நீல நிறம் மெருகுக்கு அடியில் தீட்டப்பட்டு உயர்ந்த வெப்பத்தில் சுடப்பட்டது. அதனால்தான் இத்தனை காலம் மனிதர் நடந்தும் அது அழியவில்லை. உள்ளே செல்வோர் காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். இக்கூடத்தின் பெயர் 'பரதேசி' தொழுகைக்கூடம். தமிழ்ப் பேச்சில் இச்சொல் இன்று ஏளனமாக ஒலிக்கிறது. அதன் முதற்பொருள் வேற்று நாட்டிலிருந்து வந்தவர் என்பதே.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியிலும் பதிகற்கள் செய்யப்படுகின்றன. கண்ணாடிப் பலகையின்மீது வண்ணக்கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து வார்க்கப்படும் அவை சூளையில் சுடப்படுவதே இல்லை. செட்டிநாட்டு வீடுகளின் தரைகளில் அவற்றின் அழகைக் காணலாம்.

குளியலறையில் இறுதியாக எஞ்சுவது தொட்டி விளிம்புக்கும் முதல் வரிசைக் கல்லுக்கும் இடையே உள்ள சிறு இடைவெளி. இதனைச் சிமெண்டால் நிரப்பலாகாது. ஒரு தொட்டி சுமார் 150 லிட்டர் நீர் கொள்ளும். அதன் எடை 150 கிலோகிராம். குளிப்பவரும் சேர்ந்தால் ஐந்தாறு மாணவர்கள் ஒன்றாக ஏறி நிற்கும் பாரம் ஆகிவிடும். அப்போது அக்ரிலிக் தொட்டி நூலளவு கீழே தாழும். நீர் வடிந்ததும் மேலெழும். வளையாத சிமெண்டு இதில் வெடித்துவிடும். ஆகவே ரப்பரைப்போல் நெகிழும் சிலிக்கோன் பசை இடப்படுகிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. வெறுந்தொட்டியாக இருக்கும்போது பசையிட்டால், நீர் நிரம்பும் ஒவ்வொரு முறையும் அது இழுபடும். எனவே முதலில் தொட்டியை நீரால் நிரப்பி, இடைவெளி மிகுதியாக விரிந்திருக்கும் நிலையில் பசையிடுவர்.

பசை இறுகும் வரை, ஓர் இரவு முழுவதும், நீர் அசையாமல் நிற்கும். மறுநாள் அடைப்பைத் திறந்து நீரை வெளியேற்றியபின், அனுபவமுள்ள கொத்தனார் கருவிகளை உடனே மூட்டை கட்டுவதில்லை. ஒரு மாடி இறங்கிச் சென்று, கீழ்வீட்டாரிடம் இசைவு பெற்று, அவர்கள் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்.