உங்களுக்குத் தெரியுமா? கோழிக்கும் பொறுமை உண்டு!

காரியாபட்டிப் பக்கம் கோழி வளர்க்கிறீர்களா? இனி அதை அவசரக்குடுக்கை என்று திட்டாதீர்கள்! 2 விநாடி காத்தால் 3 விநாடி தீனி. 6 விநாடி காத்தால் 22 விநாடி தீனி. 2005-ல் வெளியான ஆய்வு இது. கோழிகள் 6 விநாடி காத்தே தின்றன!

புறா இன்னும் கில்லாடி! 1972-ல் ராக்லின், கிரீன் என்ற இருவர் வைத்த சோதனை. சிவப்பைக் கொத்தினால் உடனே 2 விநாடி தீனி. பச்சையைக் கொத்தினால் 4 விநாடி கழித்து 4 விநாடி தீனி. புறாக்கள் பாய்ந்தது சிவப்பில்! ஆனால் 16 விநாடி முன்கூட்டியே முடிவெடுக்க விட்டார்கள். அவ்வளவுதான், பெரும்பாலான புறாக்கள் பச்சை மட்டுமே வரும் வழிக்குப் போய்விட்டன. ஆசை காட்டும் சிவப்பு கண்ணிலேயே படாது! சம்பளம் வந்ததும் முதல் வேலையாகச் சீட்டுப் பணம் கட்டிவிடும் சாமர்த்தியம்!

காக்கக் காக்கத் தீனியின் மதிப்பு குறைவதற்குச் சூத்திரமே இருக்கிறது! 1987-ல் மேசூர் என்ற ஆய்வாளர் தந்தது. ஒரு பறவையின் ‘அவசர எண்’ 1 என்றால், 1 விநாடி தாமதத்திலேயே தீனியின் மதிப்பு பாதி. 9 விநாடி என்றால் பத்தில் ஒன்று!

நம் நாட்டு மூளையும் இதில் உண்டு! மும்பை ஐஐடியில் படித்த விஜய் மோகன் நம்பூதிரி, அமெரிக்காவில் மார்ஷல் ஹுசைன் ஷூலர் குழுவோடு 2014-ல் வெளியிட்டது ‘டைமர்’ கோட்பாடு. எதிரே இருக்கும் தீனியை மட்டும் விலங்கு பார்ப்பதில்லையாம். இதுவரை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கிடைத்தது என்றும் கணக்குப் போடுகிறதாம். நிறையக் கிடைத்துவந்த இடத்தில் காத்திருப்பது நஷ்டம். அங்கே அவசரம்தான் லாபம்! எவ்வளவு பின்னோக்கிப் பார்க்கிறதோ, அவ்வளவு பொறுமை!

பொறுமை இனத்துக்கு இனம் மாறும்! பூச்சி பிடித்துத் தின்னும் டாமரின் குரங்கு, மூன்று மடங்கு தீனிக்காகக் காத்தது சுமார் 8 விநாடி. மார்மோசெட் குரங்கு சுமார் 14 விநாடி! காட்டில் இதன் சாப்பாடு மரப்பிசின். பட்டையைக் கடித்துவிட்டுப் பிசின் வடியும்வரை காத்துப் பழகிய இனம்!

மீன்கடைக் கணவாய்? பிடித்த இறாலுக்காக 130 விநாடி வரை!

கிரிஃபின் என்ற சாம்பல் கிளி? 15 நிமிடம்!

கடைசியாக நாம். இப்போதே 2 துண்டா, 2 நிமிடம் கழித்து 6 துண்டா? தின்பண்டத்தை வைத்து 2007-ல் வெளியான சோதனை. சிம்பன்சிகள் 72 சதவீதம் காத்திருந்தன. மனிதர்கள்? வெறும் 19 சதவீதம்!