இரட்டையரின் ஆண்டு

ஓர் ஊர், ஓர் ஆண்டு – 12: டாக்குரியா, 1999

கல்கத்தாவில் கரியாஹாட்டிலிருந்து தெற்கே வரும் பேருந்து, ரயில் பாதைக்கு மேலே செல்லும் டாக்குரியா பாலத்தில் ஏறி இறங்கினால் தட்சிணாபண் கடைத்தொகுதி வந்துவிடும். பல மாநிலங்களின் கைத்தறியும் கைவினைப் பொருளும் விற்கும் இடம் அது. அதை ஒட்டி நிற்கும் நாடக அரங்கத்துக்கு மதுசூதன் மஞ்ச் என்று பெயர். வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தின் நினைவாக வைத்தது. டென்னிஸ் பற்றிய அத்தியாயத்தை ஒரு கவிஞரின் பெயரில் ஏன் தொடங்குகிறேன் என்று வாசகர்கள் கேட்கலாம். லியாண்டர் பயஸின் தாய் ஜெனிஃபர் அந்தக் கவிஞரின் வழித்தோன்றல். 1999-ஆம் ஆண்டு நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் இரட்டையர் இறுதிவரை போன இருவரில் ஒருவருடைய உடலில் மேகநாத வத காவியம் எழுதியவரின் ரத்தம் ஓடியது.

மதுசூதன் 1848-இல், இருபத்து நான்கு வயதை நெருங்கும்போது, கல்கத்தாவை விட்டுச் சென்னைக்கு வந்தார். ஆசிரியர் வேலை பார்த்தார், திருமணம் செய்துகொண்டார், ஆங்கிலத்தில் கவிதைப் புத்தகம் வெளியிட்டார். எட்டு வருடங்கள் கழித்து 1856-இல் கல்கத்தா திரும்பிய பிறகுதான் வங்க மொழியின் பெருங்கவிஞரானார். அவருடைய சந்ததியில் வந்த சிறுவனும் அதே ஊரிலிருந்து அதே ஊருக்குத்தான் புறப்பட்டு வந்தான். 1985-இல், பன்னிரண்டு வயதில்.

லியாண்டரின் தந்தை வீஸ் பயஸ் கோவாவில் பிறந்தவர், மருத்துவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் ஆடியவர். தாய் ஜெனிஃபர் இந்தியக் கூடைப்பந்து அணியின் தலைவியாக இருந்தவர். டாக்குரியாவுக்கு முந்தைய ரயில் நிலையம் பாலிகஞ்ச். அந்தப் பகுதியில்தான் கல்கத்தா கிரிக்கெட் மற்றும் கால்பந்து சங்கத்தின் மைதானம் இருக்கிறது. வீஸ் பயஸ் பிற்காலத்தில் அந்தச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். விளையாட்டே வீட்டுப் பேச்சாக இருந்த குடும்பம். சற்று வடக்கே போனால் உட்பர்ன் பார்க்கில் 1920-இல் தொடங்கிய சவுத் கிளப், அதன் புல்தரை ஆடுகளங்கள். போன வாரம் நாம் பார்த்த 1966 டேவிஸ் கோப்பை ஆட்டம் அங்கேதான் நடந்தது. பிரேசிலின் தாமஸ் காக்கிடம் மூன்று செட்டுகளில் இரண்டைப் பறிகொடுத்து, நான்காவது செட்டில் 2–5 என்று பின்தங்கி நின்ற ராமநாதன் கிருஷ்ணன், அங்கிருந்து எழுந்து வென்று இந்தியாவை இறுதிக்கு அழைத்துப் போன ஆட்டம்.

இவ்வளவும் இருந்த கல்கத்தா, பையனை எதற்குச் சென்னைக்கு அனுப்பியது? சென்னையில் அப்போது ஒரு பள்ளி இருந்தது. டென்னிஸ் வீரர் விஜய் அம்ரித்ராஜின் பெயரில், பிரிட்டானியா பிஸ்கட் நிறுவனத்தின் பணத்தில் நடந்த பிரிட்டானியா அம்ரித்ராஜ் டென்னிஸ் பயிற்சித் திட்டம். சுருக்கமாக ‘பேட்’ என்பார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்து சிறுவர்களைப் பொறுக்கியெடுத்து, தங்க இடமும் சாப்பாடும் படிப்பும் பயிற்சியும் தந்து, வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்பினார்கள். டேவ் ஓமீரா பயிற்சியாளர். லியாண்டர் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே அங்கே ஆடினார். பிரிட்டானியா 1892-இல் கல்கத்தாவில் பிறந்த நிறுவனம். கல்கத்தாவின் பிஸ்கட் பணம், சென்னையின் ஆடுகளம், சென்னையில் அம்ரித்ராஜ் குடும்பத்தின் அக்கறை – இந்த மூன்றும் சேர்ந்துதான் 1990-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்ற பயஸ் உருவானார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1999-ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு மேதைகளின் கதையாகவே பேசுகிறார்கள். மேதைமை உண்மைதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனின் மேதைமைக்குத் தினமும் ஒருவர் பந்து போட வேண்டும், சோறு போட வேண்டும். அதைச் செய்தவர்களை விட்டுவிட்டு இந்த ஆண்டைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்றவர் மகேஷ் பூபதி. 1974-இல் சென்னையில் பிறந்தார், மஸ்கட்டில் வளர்ந்தார். தந்தை கிருஷ்ண பூபதிதான் முதல் பயிற்சியாளர். பிறகு அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகம். அங்கே 1995-இல் கல்லூரிகளுக்கு இடையிலான இரட்டையர் பட்டம். 1997-இல் ஜப்பானின் ரிகா ஹிராகியுடன் சேர்ந்து பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையரை வென்றபோது, கிராண்ட் ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

இருவரும் ஒருவருக்கொருவர் நேர்மாறான ஆட்டக்காரர்கள். பூபதிக்கு உயரம், கனமான சர்வ், எதிராளியின் சர்வை அடித்து நொறுக்கும் பேக்ஹேண்ட். பயஸுக்கு வலையருகே மின்னலாய்ப் பாயும் கால்கள், எந்த வேகத்தில் வரும் பந்தையும் தடுத்து மென்மையாகத் தாழ விடும் கை, தலைக்கு மேலே தூக்கிவிடும் லாப். பூபதியின் ரிட்டர்ன் எதிராளியைத் தடுமாற வைக்கும். அடுத்து வரும் பலவீனமான பந்தைப் பயஸ் குறுக்கே பாய்ந்து முடித்துவிடுவார். ஒரு புள்ளி முடிந்ததும் இருவரும் துள்ளி மார்போடு மார்பு மோதிக்கொள்வது அவர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ என்று உலகப் பத்திரிகைகள் பெயர் வைத்தன. 1998-இல் மெல்போர்ன், பாரிஸ், நியூயார்க் மூன்றிலும் அரையிறுதிவரை வந்து தோற்றிருந்தார்கள். கதவு வரை வந்து மூன்று முறை திரும்பியவர்கள் என்ற நிலையில்தான் 1999 பிறந்தது.

ஜனவரி, மெல்போர்ன். இறுதியில் எதிரே சுவீடனின் ஜோனஸ் பியோர்க்மனும் ஆஸ்திரேலியாவின் பேட்ரிக் ராஃப்டரும். ராஃப்டர் அப்போது அடுத்தடுத்து இரண்டு அமெரிக்க ஓப்பன் ஒற்றையர் பட்டங்களை வென்றிருந்தவர். ஊர்க்காரர் வேறு. அரங்கம் முழுக்க அவருக்காகக் கத்தியது. முதல் செட் போனது, இரண்டாவதைப் பிடித்தார்கள், மூன்றாவது போனது. நான்காவது செட் டை-பிரேக்கில் 12–10 வரை இழுத்துச் சென்று ஆட்டத்தை ஐந்தாவது செட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாவது 4–6. தோல்வி. என் கணிப்பில் அந்த ஆண்டின் அடித்தளம் இந்தத் தோல்விதான். கிராண்ட் ஸ்லாம் இறுதி என்றால் எப்படி இருக்கும், ஐந்து செட் முழுக்க அந்த அழுத்தத்தில் நிற்பது என்றால் என்ன என்று அன்றைக்கு இருவருக்கும் தெரிந்துபோயிற்று.

ஏப்ரலில் சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில் கோல்ட் ஃப்ளேக் ஓப்பன். 1997, 1998-இல் போலவே அங்கே மூன்றாவது முறையும் பட்டம். ஏப்ரல் 26-இல் வெளியான இரட்டையர் தரவரிசையில் பூபதி உலகின் முதலிடம். சென்னையில் பிறந்தவர் சென்னைப் பட்டத்தோடு முதலிடம் பிடித்ததில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

பாரிஸ் வேறு விஷயம். நம் ஆட்டக்காரர்கள் புல்தரையில் வளர்ந்த மரபு. கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதிக்கு இருமுறை போனார், அம்ரித்ராஜ் சகோதரர்களின் பெரிய நாட்களும் புல்தரையிலேயே வந்தன. ரோலண்ட் காரோஸின் செம்மண் தரையோ பந்தின் வேகத்தைக் குறைத்து உயரத் துள்ள விடும். சர்வ் போட்டு வலைக்கு ஓடி ஒரே அடியில் முடிக்கும் இரட்டையர் ஆட்டத்துக்கு அது எதிரி. அந்தத் தரையில்தான் இந்தியாவின் முதல் ஆண்கள் இரட்டையர் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வந்தது. பூபதியின் ரிட்டர்ன் அங்கே இன்னும் பயன்பட்டது. மெதுவான தரையில் அவருக்குப் பந்தை ஆள நேரம் கிடைத்தது. பயஸ் தன் லாபைக் கொண்டு எதிராளிகளை வலையிலிருந்து பின்னுக்குத் தள்ளினார். இறுதியில் எதிரே குரோஷியாவின் கோரான் இவானிசெவிச்சும் அமெரிக்காவின் ஜெஃப் டராங்கோவும். இவானிசெவிச்சைப் பயஸுக்கு நன்றாகத் தெரியும். 1995-இல் டெல்லியில் டேவிஸ் கோப்பை ஒற்றையரில், இரண்டு செட் பின்தங்கிய நிலையிலிருந்து பயஸ் அவரை வீழ்த்தியிருந்தார். பாரிஸில் அவ்வளவு சிரமம் இல்லை: 6–2, 7–5. பூபதியின் இருபத்தைந்தாம் பிறந்தநாள் ஜூன் 7. அதை ஒட்டி வந்த பரிசு.

நாடு அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கார்கிலில் மே மாதம் தொடங்கிய போர் உச்சத்தில் இருந்தது. இங்கிலாந்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை. ஜூன் 8-இல் மான்செஸ்டரில் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம். மலையில் உயிர் விடும் வீரர்களின் செய்திக்கு முன்னால் வேறெதுவும் பெரிதில்லை, அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் இருபத்தைந்து வருடங்கள் கழித்தும் 1999 என்றால் பாரிஸ் நம் நினைவுக்கு வருவதில்லை என்பது வருத்தம்தான்.

ஜூன் 21-இல் பயஸும் தரவரிசையில் முதலிடம் தொட்டார். அன்றே விம்பிள்டன் தொடங்கியது. மழை பெய்து அட்டவணை குலைந்த ஆண்டு அது. ஜூலை 4, ஞாயிறு: ஒற்றையரில் சாம்ப்ராஸ் அகாஸியை வென்ற நாள், கார்கிலில் நம் ராணுவம் டைகர் ஹில்லை மீட்ட நாள். இரட்டையர் இறுதியில் எதிரே நெதர்லாந்தின் பால் ஹார்ஹாயிஸ், அமெரிக்காவின் ஜாரெட் பால்மர். ஹார்ஹாயிஸ் முந்தைய ஆண்டின் சாம்பியன், ஜாக்கோ எல்டிங்குடன் சேர்ந்து நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் வென்றவர். முதல் செட் டை-பிரேக்கில் 10–12 என்று நழுவியது. மெல்போர்னின் நினைவு அப்போது அவர்களுக்குள் எழுந்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு செட் 6–3, 6–4. நான்காவது மீண்டும் டை-பிரேக், இந்த முறை 7–4 என்று இந்தியர் கையில். அதோடு பயஸ் நிற்கவில்லை. லிசா ரேமண்டுடன் சேர்ந்து கலப்பு இரட்டையரையும் வென்றார். எதிரே நின்றவர்கள் பியோர்க்மனும் அன்னா கூர்னிகோவாவும். மெல்போர்னில் தோற்கடித்த அதே பியோர்க்மன்.

செப்டம்பரில் நியூயார்க். கனடாவின் செபாஸ்டியன் லாரோவும் அமெரிக்காவின் அலெக்ஸ் ஓப்ரையனும் இறுதியில் 7–6, 6–4 என்று வென்றார்கள். பூபதி, ஜப்பானின் ஐ சுகியாமாவுடன் கலப்பு இரட்டையர் பட்டத்தோடு அங்கிருந்து திரும்பினார்.

நான்கு இறுதி, இரண்டு பட்டம். பலர் பட்டங்களை மட்டும் எண்ணுவார்கள். நான் நான்கு இறுதிகளைத்தான் பெரிதென்று சொல்வேன். ஒவ்வொரு கிராண்ட் ஸ்லாமிலும் 64 ஜோடிகள். இறுதிக்கு வர ஐந்து சுற்றுகளைத் தாண்ட வேண்டும், ஆக நான்கிலும் சேர்த்து இருபது சுற்றுகள். மெல்போர்னின் கடினத் தரை, பாரிஸின் செம்மண், லண்டனின் புல், நியூயார்க்கின் கடினத் தரை. ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஒரு சுற்றில்கூட சறுக்கவில்லை. ஒருவருக்குக் கை சரியில்லாத நாளில் மற்றவர் தாங்க வேண்டும், இருவருக்கும் சரியில்லாத நாளில் எப்படியாவது சமாளிக்க வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு கிராண்ட் ஸ்லாம்கள் திறக்கப்பட்ட 1968-க்குப் பிறகு எந்த ஆண்கள் ஜோடியும் அதுவரை இதைச் செய்ததில்லை. அதற்கு முன்னால் தேடினால் 1952-இல் ஆஸ்திரேலியாவின் கென் மெக்ரிகர், ஃபிராங்க் செட்ஜ்மன் ஜோடி. நாற்பத்தேழு வருட இடைவெளி. அதே 1999-இல் பிரெஞ்சும் அமெரிக்க ஓப்பனும் வென்று எல்லோர் வாயிலும் இருந்த அகாஸிகூட ஒற்றையரில் மூன்று இறுதிகளுக்குத்தான் போனார்.

“இரட்டையர்தானே” என்று இன்றும் சொல்கிறார்கள். டாக்குரியாவிலும் சொல்வார்கள், மயிலாப்பூரிலும் சொல்வார்கள். ஒற்றையரில் மேலே வர முடியாதவர்களின் ஒதுங்கிடம் என்ற எண்ணம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மனிதனின் எதிர்வினை வேகத்தை வலையருகே நான்கு பேர் நிற்கும்போது பார்ப்பது போல டென்னிஸில் வேறெங்கும் பார்க்க முடியாது. பந்து நான்கைந்து அடியில் முடியும், ஒவ்வோர் அடிக்கும் முன்னால் இருவர் ஒரே முடிவை எடுத்திருக்க வேண்டும். சர்வ் போடுகிறவருக்கு முன்னால் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்களால் காட்டும் குறிப்பில் அந்தப் புள்ளி முழுவதும் அடங்கியிருக்கும். கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் 1966 டிசம்பரில் மெல்போர்னில் நியூகோம்ப்–ரோச் ஜோடியை டேவிஸ் கோப்பை இறுதியில் வென்றதும் இரட்டையரில்தான். ஒரு தமிழரும் ஒரு வங்காளியும். இந்திய டென்னிஸின் சிறந்த நாட்கள் பலவற்றில் சென்னையும் கல்கத்தாவும் சேர்ந்தே நின்றிருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு ஜோடி நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே விரிசல், பிரிவு, மறுபடி சேர்தல். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இரண்டாம் சுற்றில் ஆஸ்திரேலியாவின் வுட்பிரிட்ஜ்–வுட்ஃபோர்டிடம் தோற்றார்கள். 2001-இல் பாரிஸில் மீண்டும் பட்டம். அத்தோடு சரி. ஆண்கள் இரட்டையரில் பயஸ் எட்டு கிராண்ட் ஸ்லாம், பூபதி நான்கு. இருவரும் சேர்ந்து வென்றவை மூன்றே. வேறு வேறு துணைகளோடு அவர்கள் அடைந்த வெற்றிகளைப் பார்க்கும்போதெல்லாம், சேர்ந்தே இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை. டேவிஸ் கோப்பையில் தேசக் கொடிக்காகச் சேர்ந்தார்கள். அங்கே தொடர்ந்து 24 இரட்டையர் வெற்றிகள் என்ற சாதனை அவர்கள் பெயரில் இருக்கிறது.

2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் லியாண்டர் பயஸைச் சேர்த்தபோது, அதே விழாவில் விஜய் அம்ரித்ராஜும் சேர்க்கப்பட்டார். அந்த அரங்கில் இடம்பெற்ற முதல் ஆசிய ஆண்கள் இவர்கள் இருவரும்.

அடுத்த வாரம்: ஏதென்ஸ், 2004. பயஸும் பூபதியும் வெண்கலப் பதக்கத்துக்காக ஆடிய ஆட்டம், மூன்றாவது செட்டில் 14–16.