உங்களுக்குத் தெரியுமா? பீரங்கிகளை உருக்கி வார்த்த ஆலயமணி!

வியன்னா நகரின் நடுவே எழுந்து நிற்கிறது புனித ஸ்டீபன் பேராலயம். இது முதன்முதலில் அர்ச்சிக்கப்பட்ட ஆண்டு 1147. மேற்கு முகப்பு ரோமனெஸ்க் பாணி. பிற்காலத்தில் எழுந்த பெரும்பகுதி கோதிக் பாணி.

● 1433-இல் முடிந்த தெற்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 136 மீட்டர். வடக்குக் கோபுரம் அதில் பாதி உயரத்தோடு நின்றுவிட்டது.

● செங்குத்தான கூரையில் பதித்துள்ள வண்ண ஓடுகள் சுமார் 2,30,000!

● 1683-இல் வியன்னாவை முற்றுகையிட்ட ஒட்டோமான் படையிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி, 1711-இல் ‘பும்மரின்’ மணியை வார்த்தார்கள்.

● 1945 ஏப்ரலில் பற்றிய தீயில் மரக்கூரை எரிந்தது. மணியும் விழுந்து நொறுங்கியது. உடைந்த மணியின் உலோகத்தைச் சேர்த்தே 1951-இல் புதிய மணி உருவானது. கூரையை எஃகுச் சட்டங்களால் மீண்டும் எழுப்பினார்கள். 1952-இல் பேராலயம் வழிபாட்டுக்கு முழுமையாகத் திறந்தது.