இரு சக்கரமும் இழுக்கும் மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிளுக்குச் சக்கரம் இரண்டு. ஆனால் வண்டியை இழுப்பது ஒன்றே. எஞ்சினின் ஆற்றல் சங்கிலி வழியாகவோ தண்டு வழியாகவோ பின்சக்கரத்துக்கு மட்டுமே செல்கிறது. முன்சக்கரம் திசை திருப்புகிறது, பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது, பின்னிருந்து தள்ளப்பட்ட வழியே உருண்டு போகிறது. நல்ல சாலையில் இந்த ஏற்பாட்டில் யாதொரு குறையும் இல்லை. வேகத்தைக் கூட்டும்போது வண்டியின் பாரம் பின்புறம் சாய்வதால் பின்சக்கரத்தின் பிடி வலுக்கவே செய்யும். சாலை முடிந்து, மணலும் சேறும் உருளைக்கற்களும் வீழ்ந்த மரங்களும் தொடங்குமிடத்தில்தான் சங்கடம் பிறக்கிறது. அங்கே பின்சக்கரம் பிடியிழந்து சுழல்கிறது. சுழலச் சுழலத் தனக்குத் தானே குழி பறித்துக்கொள்கிறது. ஆள் நடமாட்டமற்ற மலைக்காட்டில் தனியே செல்பவருக்கு இஃது உயிரைப் பற்றிய காரியமாகவும் முடியலாம்.

முன்சக்கரத்துக்கும் எஞ்சினின் விசையைக் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்கள் செய்த வண்டியே இங்கு நாம் விளக்கப்போவது. பெயரிடுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘இருசக்கர வாகனம்’ என்ற சொல்லை எல்லா மோட்டார் சைக்கிள்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் ஏற்கனவே கொடுத்துவிட்டோம். ஆகவே ‘இருசக்கர இயக்கம்’ என்று எழுதினால், படிப்பவர் ‘இதில் புதுமை என்ன?’ என்று கேட்பார். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இத்தகைய இடர் புதிதன்று. நீளமானாலும் பொருள் மயங்காமல், ‘இரு சக்கரமும் இழுக்கும் வண்டி’ என்றே சொல்லிச் செல்வோம்.

முன்சக்கரத்தைத் தள்ளுவதற்கும் சுழற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறியப் பௌதிக நூலைத் தேட வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி சேற்றில் அமிழ்ந்துவிட்டால் நம் கிராமத்தார் என்ன செய்கிறார்கள்? காளைகளை மட்டும் அதட்டிக் கொண்டிருப்பதில்லை. இருவர் இறங்கிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்து, மேற்பகுதியை முன்னோக்கித் தள்ளி உருட்டுகிறார்கள். காளை வண்டியை இழுக்கிறது. ஆரக்காலைப் பிடித்தவரோ சக்கரத்தையே சுழற்றுகிறார். சேற்றின் விளிம்பில் அச்சக்கரம் தானே ஏறிவிடுகிறது. இதில் ஒரு கணக்கும் உண்டு. எதிரே நிற்கும் கல்லின் உயரம் சக்கரத்தின் அச்சு உயரத்துக்கு ஒப்பாக இருந்தால், அச்சைக் கிடையாக எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் சக்கரம் கல்லின்மேல் ஏறாது; கல்லில் மோதி நிற்கும். அதே சக்கரம் தானே சுழன்று கல்லின் முகத்தைப் பற்றுமானால் மேலேற வழியுண்டு. முன்சக்கரத்துக்கு விசை கொடுப்பதன் பயன் வேகமன்று, இந்தப் பற்றே.

அமெரிக்காவில் 1950களின் இறுதியில், கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்லி ஃபென் என்பவர் இக்கருத்தைக் கொண்டு ஒரு விசித்திர வண்டியை உருவாக்கினார். பின்னர் ரோக்கான் என்னும் நிறுவனத்தின் ‘டிரெயில் பிரேக்கர்’ எனப் பெயர் பெற்று, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் அது தயாராயிற்று. பார்வைக்கு அழகிய வண்டி என்று அதை எவரும் சொல்லார். டிராக்டரின் சக்கரத்தைச் சுருக்கி மாட்டினாற்போல இரு பருத்த டயர்கள். நடுவே ஒரு சிறிய எஞ்சின். ஆரம்ப கால வண்டிகளில் அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் அமைப்பே இல்லை. டயரில் காற்றை மிகக் குறைவாக நிரப்பி, அதன் மெத்தென்ற தன்மையையே ஸ்பிரிங்காகக் கொண்டார்கள். எடை ஏறக்குறைய 100 கிலோகிராம். உச்ச வேகம் மணிக்கு 35 மைல் அளவே. கீழ்க் கியரில் மனிதன் நடக்கும் வேகத்துக்கு இறங்கிவிடும். இந்த நிதானம் குறையன்று, வேண்டியே வைத்தது. வீழ்ந்த மரத்தின்மேல் ஏறி இறங்குபவருக்கு வேகத்தால் ஆவது என்ன?

அதன் சக்கரங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கம்பி ஆரங்களுக்குப் பதிலாக, உள்ளே கூடான அலுமினிய உருளைகள் அமைந்துள்ளன. அந்தக் கூட்டில் பெட்ரோலையோ தண்ணீரையோ நிரப்பித் தொலைவான முகாமுக்குக் கொண்டு செல்லலாம். காலியாக விட்டால் வண்டி தண்ணீரில் மிதக்கும். ஓடையின் நடுவே ஆழம் மிகுந்துவிட்டால் ஓட்டுபவர் இறங்கி அதை மிதக்கவிட்டுக் கரை சேர்க்கலாம். வேட்டைக்காரர்களும், காட்டு வேலை பார்ப்போரும், பண்ணைக்காரர்களும் இதை விரும்பியதில் வியப்பில்லை.

இவ்வளவு பயன் இருந்தும் எல்லா நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றாததற்குக் காரணம் முன்சக்கரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. பின்சக்கரம் சட்டத்தில் நேராக நிற்பது. முன்சக்கரமோ இடமும் வலமும் திரும்ப வேண்டும். பள்ளம் மேடுகளில் மேலும் கீழும் அசைய வேண்டும். இத்தனை அசைவுக்கும் ஈடுகொடுத்து எஞ்சினிலிருந்து சுழற்சியைக் கொண்டு சேர்ப்பது எளிதன்று. அன்றியும், வண்டி வளையும்போது முன்சக்கரம் பெரிய வட்டத்திலும் பின்சக்கரம் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிட்டால், கெட்டித் தரையில் ஒன்றோடொன்று மல்லாடும்; டயர் தேயும், கைப்பிடி இழுக்கும். சைக்கிளின் பின்சக்கரத்தில் நாம் அறிந்த ‘ஃப்ரீவீல்’ இங்கே கைகொடுக்கிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் ஓடுவதுபோல, முன்சக்கரம் விசைத்தண்டை முந்திக்கொண்டு சுழல அது இடங்கொடுக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தைச் சேர்ந்த கிறிஸ்டினி நிறுவனத்தார் இந்த உபாயத்தை நுட்பமாகப் பயன்படுத்தினர். அவர்களுடைய ஏற்பாட்டில், முன்சக்கரத்துக்குச் செல்லும் விசைத்தண்டு, பின்சக்கரத்துக்கு இசைந்த வேகத்தைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் சுழல்கிறது. சாதாரணமாக ஓடும்போது முன்சக்கரம் தண்டை முந்திக்கொண்டே இருப்பதால் அதற்கு விசை எதுவும் சேராது. பின்சக்கரம் வழுக்கி வேகமாகச் சுழன்ற கணமே தண்டும் வேகங்கொண்டு முன்சக்கரத்தைப் பற்றி இழுக்கிறது. வழுக்கல் நின்றதும் பிடியை விட்டுவிடுகிறது. ஓட்டுபவர் எந்த நெம்புகோலையும் தேட வேண்டியதில்லை. ஒரே தண்டு சுழன்றால் கைப்பிடி ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும் என்பதால், முன்புறம் எதிரெதிராகச் சுழலும் இரு தண்டுகளை வைத்து அத்திருகலையும் தணித்தார்கள்.

ஜப்பானின் யமஹா நிறுவனம், சுவீடனின் ஓலின்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து எண்ணெயைத் தூதாக அனுப்பியது. எஞ்சின் பக்கத்தில் ஒரு பம்பு. முன்சக்கரத்தின் குடத்தில் எண்ணெய் அழுத்தத்தால் சுழலும் ஒரு மோட்டார். இரண்டையும் இணைக்க வளையும் குழாய்கள். குழாய் எப்படியும் வளையுமாதலால், திரும்பும் தொல்லையும் குலுங்கும் தொல்லையும் அநேகமாகத் தீர்ந்தன. பிரெஞ்சு வீரர் டேவிட் ஃப்ரெட்டிஞே இத்தகைய வண்டியில் 2004ஆம் ஆண்டின் டாக்கார் பாலைவனப் பந்தயத்தில் ஓடி முதற் பத்து இடங்களுக்குள் வந்தார். ஆயினும் சிறிய எண்ணிக்கையில் விற்கப்பட்டதோடு அம்முயற்சி நின்றுவிட்டது.

பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிள்களின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையின் பி.எம்.டபிள்யூ ஆர்-75, சுண்டாப் கே.எஸ்-750 ஆகிய வண்டிகளில் பின்சக்கரத்தோடு பக்கவண்டியின் சக்கரமும் விசை பெற்றது. பின்னோக்கிச் செல்லவும் கியர் இருந்தது. சோவியத் நாட்டில் தோன்றிய யூரல் வண்டிகளிலும் சிலவற்றில் பக்கச் சக்கரத்தை வேண்டும்போது எஞ்சினோடு இணைக்கலாம். தார்ச்சாலையில் அதை விடுவித்துவிட வேண்டும், இன்றேல் திருப்புவது கடினம். ஆனால் இவற்றின் முன்சக்கரம் பழைய முன்சக்கரமே.

சரி, இந்த வண்டி யாருக்கு வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் உலாவ நினைப்பவருக்கு இது தேவையில்லை என்பது நம் கருத்து. விலை கூடுதல், எடை கூடுதல், துடைத்து எண்ணெயிட வேண்டிய உறுப்புகளும் கூடுதல். டயரின் காற்றைச் சற்றுக் குறைத்து, பொறுமையோடு ஓட்டக் கற்றவர் சாதாரண வண்டியிலேயே வெகுதூரம் போய்விடுவார். முதுகில் சுமையோடு தினந்தோறும் வழியில்லா வழியில் செல்ல வேண்டியவர் நிலை அப்படியன்று. வேலி பார்க்கும் பண்ணையாளும், காட்டுத் தீயைக் காவல் செய்பவரும் களைத்துப்போன மாலை நேரத்திலும் வண்டியை மேட்டில் ஏற்றியாக வேண்டும். சக்கரம் வெறுமே சுழன்று மண்ணைப் பெயர்ப்பது குறைவதால் காட்டுத் தடமும் அவ்வளவாகப் புண்படாது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

மின்சாரம் வந்த பிறகு பழைய முடிச்சு ஒன்று தானே அவிழ்ந்தது. இரு சக்கரங்களின் குடத்திலும் தனித்தனி மின்மோட்டாரை வைத்துவிட்டால், தண்டும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். கைப்பிடியைத் தாண்டிச் செல்ல ஒரு மின்கம்பி போதும். நியூஸிலாந்தில் 2010களில் பண்ணை வேலைக்கென யூப்கோ என்ற பெயரில் இவ்வகை வண்டி வெளிவந்தது. ஆடுமாடுகள் மிரளாதபடி ஓசையின்றி ஓடுவது அதன் தனி நன்மை. மோட்டாரின் எடை சக்கரத்திலேயே ஏறுவதால், கரடுமுரடான தரையில் சக்கரம் குதிப்பது சற்று அதிகம். மின்கலம் தீர்ந்தால், ரோக்கான் வண்டியின் சக்கரக் கூட்டில் சேமித்த பெட்ரோலைப் போல எடுத்து ஊற்றவும் வழியில்லை.