குறைத்த நிறையைக் காத்தல்

உடல்நிறையைக் குறைத்தல் வேறு. குறைத்ததைக் காத்தல் வேறு. ஐக்கிய அமெரிக்காவில் 2009 ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் மெலிந்தோருள் 14 பேரை, கெவின் ஹோல் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஆறாண்டு கழித்துச் சோதித்து, முடிவை 2016 இல் வெளியிட்டனர். சராசரியாக 58 கிலோகிராம் இழந்த அவர்கள் 41 கிலோகிராமை மீளப் பெற்றிருந்தனர். வியப்பு அதுவன்று. வாளாவிருக்கும்போது அவர்தம் உடல் செலவிடும் சத்தி, அவ்வுடலளவுக்கு உரியதினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்தே நின்றது.

கொழுப்புக் குறையவே, அது சுரக்கும் இலெப்ரின் என்னும் ஓமோனும் குறைகின்றது. மூளையோ பஞ்சம் வந்ததெனக் கொண்டு, பசியைப் பெருக்கிச் செலவைச் சுருக்குகின்றது. ஆதலின், மீளப் பருத்தவரை நாவடக்கமில்லார் என இகழ்தல் நீதியன்று. (விருந்திலே, “இளைத்துவிட்டீர், இன்னுஞ் சிறிது உண்ணும்” என்று இலையில் அள்ளி வைப்போரே பின்னர் இகழ்வோரும் ஆவர்!)

வென்றோரும் உளர். 13.6 கிலோகிராமேனும் குறைத்து ஓராண்டேனும் காத்தவர்களுக்கென 1994 இல் அந்நாட்டிலே பதிவேடொன்று தொடங்கப்பட்டது. அதிற் சேர்ந்தோருட் பெரும்பாலார் காலையுணவைத் தவிரார். வாரமொருமுறையேனும் நிறை பார்ப்பர். நாடோறும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடலை உழைப்பிப்பர். அவ்வுழைப்பும் பெரும்பாலும் நடையே. இரண்டு முதல் ஐந்தாண்டுவரை காத்துநின்றவர்க்கு, அதன்பின் காத்தல் எளிதாகின்றது என்பதும் அப்பதிவேட்டால் அறியக்கிடக்கின்றது.