பனிப்பொழிவுக் கணிப்புகளும் மறைவான ஞானமும்

அமெரிக்காவில் வசிக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து குளிர்காலம் நெருங்கும்போது வாட்ஸ்அப்பில் சில வரைபடங்கள் வருவதுண்டு. 'இந்த ஆண்டு எங்கள் ஊரில் இத்தனை அங்குலம் பனி பெய்யும்', 'வசந்தத்தில் டொர்னாடோ அதிகம் வரும்' என்று அவை அடித்துச் சொல்லும். தயாரித்தவர் பெரும்பாலும் வானிலையில் ஆர்வமுள்ள ஒரு தனிமனிதராக இருப்பார். இதை நம்பலாமா? மறைவானதை அல்லாஹ் மட்டுமே அறிவான் என்ற நம் ஈமானுக்கு இது முரணாகாதா?

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். கம்பளிப்புழுவின் பழுப்புப் பட்டை அகலமாக இருந்தால் குளிர் குறையும் என்பதும், பிப்ரவரி 2 அன்று பென்சில்வேனியாவில் மர்மோட் எனும் பிராணி தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும் என்பதும் அந்நாட்டு நாட்டுப்புற நம்பிக்கைகள். இவை வெறும் சகுனங்களே.

பசிபிக் கடலின் வெப்பத்தைப் பார்த்துக் கணிப்பது வேறு. அங்கே நடுக்கடல் நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்தால் அதை லா நினா என்பர். அப்போது அமெரிக்காவின் வடபகுதியில் குளிர் கூடவும், தென்பகுதி வறண்டிருக்கவும் வாய்ப்பு அதிகம். ஆனால் அது வாய்ப்பு மட்டுமே. ஒரு புயலின் பாதை சற்று விலகினாலும் பனி விழ வேண்டிய ஊரில் மழை பெய்துவிடும். அதனால்தான் அரசு வானிலை மையம் பருவகாலக் கணிப்பை விழுக்காட்டில் சொல்கிறது; ஊருக்கு இத்தனை அங்குலம் என்று மாதங்களுக்கு முன்பே சொல்வதில்லை.

ஹுதைபிய்யாவில் இரவு மழை பெய்தபின், அல்லாஹ்வின் அருளால் மழை பெய்தது என்றவரையும் நட்சத்திரத்தால் பெய்தது என்றவரையும் நபி (ஸல்) அவர்கள் வேறுபடுத்திக் காட்டினார்கள். காரணங்களைப் படைத்தவன் அல்லாஹ். அவற்றை ஆராய்ந்து 'வாய்ப்பு உண்டு' என்பது மறைவான ஞானத்திற்கு உரிமை கோருவதாகாது. 'கட்டாயம் நடக்கும்' என்பதில்தான் வரம்பு மீறல் இருக்கிறது.

இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. 2011 மே 22 அன்று மிசூரி மாநிலத்தின் ஜோப்ளின் நகரை டொர்னாடோ தாக்கி 150க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எச்சரிக்கை சைரன் முன்கூட்டியே ஒலித்தது. ஆனால் அடிக்கடி கேட்டுப் பழகிய ஓசை என்பதால் பலர் உடனே பதுங்கவில்லை என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. ஆதாரமற்ற கணிப்புகளைப் பரப்புவதும் இதே அலட்சியத்தைத்தான் வளர்க்கும். வரும் செய்தியைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6வது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது.

ஆர்வலர்கள் எல்லோரையும் குறை சொல்லவில்லை. 1997இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் வெள்ளம் வந்தபின், மறு ஆண்டே அம்மாநிலத்தில் தன்னார்வலர்கள் வீட்டு முற்றத்தில் மழையையும் பனியையும் அளந்து அறிவிக்கும் அமைப்பு தொடங்கியது. அவர்கள் சொல்வது கண்ணால் கண்ட சாட்சியம்.

எனவே, அங்கே வாழும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்: பருவ வரைபடத்தைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், அசட்டையாகவும் வேண்டாம். அன்றைய அதிகாரபூர்வ எச்சரிக்கை வந்ததும் உடனே நிலவறைக்குச் செல்லுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பதே நபிவழி.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.